ஒரே பட்டியலில் பள்ளிக்கூடமும் மேளமும்

1931 ஜூன் மாதம். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஒன்று கூடி, ஆதிதிராவிடர்களும் தேவேந்திரகுல வேளாளர்களும் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று பதினொரு தடைகளை அறிவித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு, 1930 டிசம்பரில், எட்டுத் தடைகள் போட்டிருந்தார்கள். அவை சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதால்தான் இந்தப் புதுப் பட்டியல். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன், இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் இரண்டு பட்டியல்களையும் பதிவு செய்திருக்கிறார். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டதும், தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டதும், ஆடு மாடுகள் கொள்ளை போனதும் அதே பதிவில் இருக்கின்றன.

தோழர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறையாவது முழுசாகப் படிக்க வேண்டும். தங்க நகை கூடாது. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு மிராசுதாரருக்கு விற்றுவிட வேண்டும். இவற்றுக்கு நடுவில் இரண்டு தடைகள் வருகின்றன. ஒன்று, பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மேய்க்கத்தான் போக வேண்டும். இன்னொன்று, திருமணத்திலும் விசேஷங்களிலும் மேளம் முதலான இசை வைக்கக்கூடாது.

நிலமும் கூலியும் பட்டியலில் இருப்பது புரிகிறது. அது பொருளாதாரம். படிப்பு இருப்பதும் புரிகிறது. படித்தவன் பண்ணைக்கு வரமாட்டான். ஆனால் மேளம் எதற்கு? ஒரு சேரிக் கல்யாணத்தில் மேளம் ஒலித்தால் மிராசுதாரருக்கு ஒரு மரக்கால் நெல்கூடக் குறையாதே?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பறையாட்டத்தைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் தன்னம்பிக்கை வருகிறது என்று இன்று பலரும் சொல்கிறார்கள். ஆசிரியர்கள், தொண்டு நிறுவனங்கள், பயிற்சி முகாம் நடத்துபவர்கள் எல்லாரும்தான். உண்மைதான், வருகிறது. ஆனால் ஏன் வருகிறது என்பதற்கான விடை உளவியல் புத்தகத்தில் பாதிதான் கிடைக்கும். மீதி, அந்த 1931 பட்டியலில் இருக்கிறது.

மேளத்தைத் தடுத்த அதே சமூகம்தான் பறையைக் கட்டாயமாக்கியது என்பதை முதலில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து ஆள் போக வேண்டும். திருவிழாவுக்குச் சாட்டு அடிக்க வேண்டும். சர்க்கார் அறிவிப்புக்குத் தண்டோரா போட வேண்டும். மறுத்தால் வயல் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, பொதுப்பாதையில் நடக்க முடியாது. தன் வீட்டுச் சந்தோஷத்துக்கு இசை கூடாது, அடுத்தவர் வீட்டுச் சாவுக்கு இசை கட்டாயம். அடிக்காதே என்பதும் அடி என்பதும் ஒரே வாயிலிருந்து வந்த உத்தரவுகள். எது ஒலிக்க வேண்டும், எப்போது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதுதான் பிரச்சினையே.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ‘பறை’ என்ற சொல்லுக்கே பேசு, அறிவி என்று பொருள். மலையாளத்தில் இன்றும் ‘பறயுக’ என்றால் சொல்வதுதான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்கும் பறை உண்டு, நெய்தலுக்கும் பறை உண்டு. மாங்குடி கிழார் பாடிய 335ஆம் புறநானூற்றுப் பாடல் நான்கு குடிகளைப் பெயர் சொல்லி, இவற்றை விட்டால் வேறு குடி இல்லை என்கிறது. பறையன் அந்த நான்கில் ஒன்று. அப்படியே ஓர் ஆயிரம் ஆண்டு தள்ளி வந்து தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். இராசராசன் காலத்து நிலக்கணக்கில் ‘பறைச்சேரி’ தனியாக இருக்கிறது, ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் இருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்பது பெரிய விவாதம், இங்கே அதற்கு இடமில்லை. பாட்டில் குடியாக இருந்தவர் கல்லில் சேரியாக ஆனார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல், பறையர் என்ற பெயரே பறையிலிருந்து வந்தது என்று எழுதினார். அந்தச் சாதியினரில் மிகப் பெரும்பாலோர் உழவர்கள், பண்ணையாட்கள். பறை அடித்தவர்கள் சிறு பகுதியினர்தான். ஆனாலும் ஒரு தோற்கருவி ஒரு பெருங்கூட்டத்தின் அடையாளமாக ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கும் அந்தச் சொல் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகம் முழுக்கப் புழங்கியது. தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த கொடைகளின் பட்டியலில் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் பெருமையாகச் சொல்பவர்கள் இந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இந்த இழிவுக்கு நம் முன்னோர்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் அடிக்கிறாயோ அதையே என் பெயர்ப்பலகை ஆக்குகிறேன் என்ற துணிவு அது. அயோத்திதாசப் பண்டிதர் அதை ஏற்கவில்லை. பறையர் என்பது பகைவர்கள் சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, அரசுப் பதிவுகளில் பறையர், பஞ்சமர் என்பவை போய் ஆதிதிராவிடர் என்ற சொல் வந்தது. சூட்டிய பெயரை எடுத்து ஏந்துவது ஒரு வழி. கழற்றி எறிவது இன்னொரு வழி. எது சரி என்று இன்றும் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். போடலாம், தப்பில்லை.

பறை என்ற கருவிக்கும் இதே இரண்டு பதில்கள்தான் கிடைத்தன.

முதல் பதில் மறுப்பு. இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் தமிழகக் கிராமங்களில், இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சேரிகள் முடிவெடுத்தன. சில இடங்களில் பறையை உடைத்தார்கள், சில இடங்களில் தீயில் போட்டார்கள். இதற்குப் பின்னால் அம்பேத்கர் இருக்கிறார். 1927இல் மகாடு மாநாட்டில், செத்த மாட்டை இழுப்பதையும் அந்த இறைச்சியை உண்பதையும் விட்டுவிட வேண்டும் என்று அவர் மகர் மக்களைக் கேட்டுக்கொண்டார். இழிவாகச் சுமத்தப்பட்ட வேலையை விட்டு வெளியேறுவதுதான் விடுதலையின் முதல் அடி என்ற பார்வை அது. மறுத்த சேரிகள் விலை கொடுத்தன. அடி வாங்கினார்கள், ஊர்விலக்கு வாங்கினார்கள். பறையடிப்பவர் பிள்ளை என்ற கேலியிலிருந்து என் பிள்ளை தப்பட்டும் என்று கருவியைப் பரணில் போட்ட தாத்தாக்களை, கலையின் மதிப்புத் தெரியாதவர்கள் என்று இன்று மேடையில் சிலர் பேசுகிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அவர்கள் தூக்கிப் போட்டது கலையை அல்ல, கட்டாயத்தை.

அதே ஆண்டுகளில் சென்னையில் என்ன நடந்தது என்பதையும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். கோயில் சார்ந்த ஒரு குலத்துப் பெண்களிடமிருந்த சதிர், 1930களில் ‘பரதநாட்டியம்’ என்று பெயர் மாறி வேறு வீட்டுக் கூடங்களுக்குப் போனது. 1936இல் கலாக்ஷேத்திரா தொடங்கப்பட்டது. அதன்பிறகு நடுத்தர வகுப்பு வீடுகளில், பெண் குழந்தைக்கு நாட்டியம் கற்றுக்கொடுத்தால் நிமிர்ந்து நிற்பாள், கூச்சம் போகும், நாலு பேர் முன்னால் பேசுவாள் என்பது சாதாரணப் பேச்சானது. ஆட்டம் தன்னம்பிக்கை தரும் என்பது அவர்களுக்கு எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். இராமநாதபுரத்துச் சேரிக்கு மேளம் தடை செய்யப்பட்டு ஐந்தே ஆண்டு இடைவெளியில் அது நடந்திருக்கிறது.

இரண்டாவது பதில், மீட்பு. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய 1990களில் அது பலமாக எழுந்தது. கே.ஏ.குணசேகரன் தன்னானே கலைக்குழுவோடு நாட்டார் பாடல்களையும் ஆட்டங்களையும் மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோனார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, பாதிரியாராகப் போகும் மாணவர்களுக்கு நாட்டார் இசையையே இறையியலாகச் சொல்லிக் கொடுத்தார். தலித் கலை விழாக்களில் பறை சாவு வீட்டைவிட்டு வெளியே வந்து, ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்றது.

நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது திண்டுக்கல் சக்தி கலைக்குழு. கன்னியாஸ்திரியான சந்திரா 1990இல் தொடங்கியது. அங்கே பறையை எடுத்தவர்கள் இளம் தலித் பெண்கள். இதிலுள்ள துணிச்சலைப் புரிந்துகொள்ள வேண்டும். தோல் தீட்டு, சாவு தீட்டு, பெண் தீட்டு என்று மூன்று தீட்டுகளைச் சாதி சமூகம் வைத்திருந்தது. சேரிக்குள்ளேயும் ஆண்கள்தான் பறை அடித்தார்கள், பெண்கள் தொடக்கூடாது என்றார்கள். அப்படிப்பட்ட கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சலங்கை கட்டி, ஒரே உடையில், நடுத்தெருவில் ஆடினார்கள். ஆட்டத்தோடு சாதி பற்றியும் பெண் உரிமை பற்றியும் வகுப்புகள் நடந்தன. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன், அந்தப் பெண்களின் தன்மதிப்பு வளர்வதையே மையமாக வைத்து ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார். கிடைத்தால் பாருங்கள்.

இனி, ஆட்டம் உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சமூகவியல் படித்த காலத்தில் பியர் பூர்தியூவின் ஒரு கருத்து மனதில் தங்கியது. சமூகத்தின் ஏற்றத்தாழ்வு வெறும் எண்ணமாக இல்லாமல், உட்காரும் விதமாக, நடக்கும் விதமாக, குரலின் அளவாக உடலில் படிந்துவிடுகிறது என்பார். இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பிரெஞ்சுக்காரர் தேவையில்லைதான். துண்டை இடுப்பில் கட்டியது, செருப்பைக் கையில் தூக்கியது, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கியது, முதுகு வளைத்துப் பேசியது எல்லாம் நம் தாத்தாக்களின் உடலுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடங்கள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் இருக்கும்போது, அந்தப் பாடத்தின் மிச்சம்தான் தெரிகிறது.

பறை இந்த உடலோடு நேரடியாக மோதுகிறது. இடது தோளில் வாரை மாட்டி, வட்டத்தை மார்போடு அணைத்து, இடது கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் கனமான அடிக்குச்சி பிடிக்க வேண்டும். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, மார்பை விரித்தால்தான் எடை நிற்கும். குனிந்தால் அடி விழாது. கூச்சத்தோடு மெதுவாக அடிக்கலாமா என்றால் முடியாது, தீயில் காய்ச்சிய தோலுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வரிசையில் ஆடும்போது பக்கத்தில் இருப்பவரின் காலையும் எதிரில் இருப்பவரின் கண்ணையும் பார்த்தாக வேண்டும். ஒருவர் தாளத்தைத் தவறவிட்டால் நிறுத்தித் திட்ட நேரமில்லை. மற்றவர்களின் அடியிலேயே அவர் மீண்டும் ஏறிக்கொள்வார். தேர்வுத்தாள் இதற்கு நேர் எதிர். அங்கே ஒருவர் தவறினால் தனியாகத்தான் தவறுவார்.

நான் வேலை செய்யும் பகுதியில் மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் பறை சொல்லிக் கொடுக்கிறோம். எட்டாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை படிப்பவர்கள். சொல்லிக் கொடுப்பவர் அதே தெருவைச் சேர்ந்த வாத்தியார், அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. தொடக்கத்தில் ஒரு பெண் பிள்ளை, தன் பெயரைக் கேட்டால்கூட நமக்குக் காது கேட்காத அளவுக்குச் சொல்வாள். முதல் சில வாரம் குச்சியைத் தோலில் வைத்து வைத்து எடுத்தாள். வாத்தியார் ஒரு நாள், “அம்மாடி, அது பாவம்னு தடவிக் குடுக்காத, அதுக்கு வலிக்காது, அடி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பாடம் அடி, ஒத்தையடி என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, இப்போது வரிசையில் முதல் ஆளாக நின்று மற்றவர்களுக்குக் குரல் கொடுக்கிறாள். அவளுடைய மதிப்பெண் உயர்ந்துவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். கணக்கில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் போன பருவத்தில் வகுப்பில் எழுந்து, “எனக்குப் புரியல, திரும்பச் சொல்லுங்க சார்” என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய அண்ணன் வந்து சொன்னான்.

என்றாலும் சில விஷயங்களை இளம் தோழர்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். வரலாற்றைச் சொல்லாமல் ஆட்டத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால் அது உடற்பயிற்சி. அது கிடைக்கும் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், வியர்க்கும், சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் அடுத்த நாள் ஒருவன் “உங்க அப்பன் சாவுக்கு அடிக்கிறவன்தானே” என்று கேட்டால் பதில் இருக்காது. புறநானூறும், 1931 பட்டியலும், உடைத்துப் போட்ட தாத்தாவின் கதையும் தெரிந்த பிள்ளைக்குப் பதில் இருக்கும். அதனால் எங்கள் படிப்பகத்தில் கருவியைத் தொடுவதற்கு முன்பே கதை தொடங்கிவிடுகிறது.

வரலாற்றைச் சொல்லும்போது பாதியை மட்டும் சொல்வதும் நடக்கிறது. பறை தமிழர்களின் ஆதி இசை, ஐந்திணைக்கும் பொதுவானது என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லிவிட்டு, கடந்த ஆயிரம் ஆண்டு அதை யார் தோளில் சுமந்தார்கள், என்ன அடி வாங்கினார்கள் என்பதை அப்படியே விழுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில மேடைகளில் ‘பறை’ என்று சொல்லவே தயங்கி ‘தப்பாட்டம்’ என்று போடுகிறார்கள். கருவி வேண்டும், பெயர் வேண்டாம்.

கூலி விஷயமும் இருக்கிறது. மேடையில் ஆடும் கல்லூரி மாணவருக்குக் கைதட்டல். அவருக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்கு இன்னும் சாவு வீட்டில் ஒரு குவார்ட்டரும் கசங்கிய நோட்டும். 2025இல் மதுரையின் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். நியாயமான மகிழ்ச்சி. அவரைப் போல ஊர் ஊராக இருக்கும் ஆசான்களைப் பள்ளிகளில் முறையான சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும் என்று நாம் கேட்கத் தொடங்கினோமா? 2022 ஆகஸ்ட்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அது கட்டாயத்தின் ஒரு கதவை மூடியது. சாவு வீட்டுக் கதவு பல ஊர்களில் இன்னும் திறந்தே இருக்கிறது. ஊர்க்கட்டுப்பாட்டால் ஒருவரை அடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால், பறை வகுப்பு நடத்துபவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாய வேலையைக் குற்றமாக வைத்திருக்கிறது.

இதையெல்லாம் இப்போது பேசுவதற்குக் காரணம் பள்ளிக்கூடங்களின் நிலை. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் கயிறு கட்டிய பிள்ளைக்கும் உடலில் ஒரு பாடம் ஏறியிருக்கிறது, நிமிர்ந்து மற்றவனை முறைக்கும் பாடம். ஆகவே பறை வகுப்பு நம் பிள்ளைகளுக்கு மட்டும் போதாது என்று நினைக்கிறேன். கலப்பாக இருக்கும் அரசுப் பள்ளியில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அந்தத் தோலைத் தொட்டு, அதன் கதையைக் கேட்டு, பக்கத்தில் இருப்பவனின் தாளத்தில் ஏறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2022 முதல் பள்ளிக் கல்வித்துறை கலைத்திருவிழா நடத்துகிறது. நுழைய இடம் இருக்கிறது. பரிசுக்கு மட்டும் ஆடிவிட்டு வரக்கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகளை இந்த ஆண்டு அவர்கள் படிக்கும் பள்ளியின் ஆண்டுவிழாவில் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அழைப்பிதழில் ‘கிராமிய நடனம்’ என்று போட்டுக்கொள்ளலாமா என்று ஓர் ஆசிரியர் கேட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, பிரச்சினை வேண்டாமே என்று பார்க்கிறார். பிள்ளைகள் உட்கார்ந்து ஒரு தாளில் “பறையாட்டம் என்று போடவும்” என்று எழுதி, கீழே பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெயரைச் சத்தமாகச் சொல்லாத அந்தப் பெண்ணின் கையெழுத்துதான் முதலில் இருக்கிறது. அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.